நிலத்தின் உள்ளொலி கேட்ட நங்கை

கேள்வி என்னும் தமிழ்ச்சொல் இருபொருள் உடையது. வினவுதல் ஒன்று, செவிவழிக் கற்றல் மற்றொன்று. நம் முன்னோர் இரண்டாவது பொருளையே பெரிதெனக் கொண்டு, மாந்தர் ஈட்டத்தக்க செல்வங்களுள் அதனையும் ஒன்றாக எண்ணினர். கற்றோர் அவையில் அமர்ந்து கேட்டலும், கேட்டதைத் தன்னுள்ளே வினவிப் பார்த்தலும், தெளிந்ததைப் பிறர் கேட்கச் சொல்லலும் ஆகிய மூன்றும் கூடியதே அறிவு வாழ்க்கை. இம்மூன்றின் பொருட்டே அறிஞர்கள் ஊர்விட்டு ஊர் சென்றனர். அவர்களை எதிர்கொண்டு அழைக்க அவைகளும் காத்திருந்தன.

இற்றை நாளில் பல்கலைக்கழகத் துறைகள் வேற்றுநாட்டு அறிஞரை வரவழைத்து, சில கிழமைகளோ சில திங்களோ தங்கச் செய்து, அவருடைய உரைகளைக் கேட்கின்றன. வருகைதரு அறிஞர் என்று அவரை அழைக்கின்றோம். அவருக்கு அத்துறையில் நிலையான இருக்கை இல்லை. ஆணையிடும் உரிமை இல்லை. பதவி உயர்வு பற்றிய கவலையும் இல்லை. அவர் அறிந்தது எதுவோ அதுவே அங்கு அவருக்குள்ள ஒரே உரிமை. அதனாலேயே வருகைதரு அறிஞரின் சொல்லுக்குத் தனி மதிப்பு ஏற்படுகிறது.

புவி இயற்பியல் உலகில் இத்தகைய விருந்தினராக விளங்கி வரலாறு படைத்தவர் டென்மார்க்கு நாட்டுப் பெண்மணியான இங்கெ லேமன். நாம் நிற்கும் நிலத்தின் நட்ட நடுவே உட்கருவம் ஒன்று உண்டு என்பதை 1936ஆம் ஆண்டில் உலகிற்கு உணர்த்தியவர் அவரே. அத்தகையவருக்குத் தாயகப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இருக்கை இறுதிவரை கிட்டவில்லை. பணி ஓய்வு பெறும் வயதை எட்டிய பின்னரே கடல்கடந்த ஆய்வுக்கூடங்கள் அவரை விருந்தினராக வரவேற்றன. இருக்கை தராத பெருமையைக் கேள்வி தந்த வரலாறு அது.

இளமையும் கல்வியும்

லேமன் அம்மையார் 1888ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் பிறந்தார். தந்தையார் ஆல்ஃபிரட் லேமன் அந்நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர். சோதனை உளவியலைத் தம் நாட்டில் வேரூன்றச் செய்தவர். ஓயாத ஆய்வில் மூழ்கிய தந்தையை மகள் அருகிருந்து காணும் பொழுது குறைவாகவே வாய்த்தது. ஆயினும் உழைப்பே அறிஞரின் இயல்பு என்னும் பாடத்தை அவ்வீடு சொல்லாமலே சொல்லிற்று.

அவர் பயின்ற பள்ளி அக்காலத்திற்குப் புதுமையானது. அதனை நிறுவி நடத்தியவர் ஹன்னா ஆட்லர் என்னும் கல்வியாளர். அணு இயற்பியலில் புகழ்பெற்ற நீல்ஸ் போரின் பெரியன்னை. ஆண், பெண் இருபாலாரும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே பாடத்தைப் பயின்றனர். பந்தாட்டமும் தையலும் இருபாலார்க்கும் பொதுவாயிருந்தன. ஆணின் அறிவு வேறு, பெண்ணின் அறிவு வேறு என்னும் எண்ணமே அப்பள்ளியில் தலைகாட்டவில்லை. வெளியுலகம் அவ்வாறு இல்லை என்பதைப் பின்னாளில் உணர்ந்தபோது தாம் ஏமாற்றமுற்றதை அம்மையாரே நினைவுகூர்ந்துள்ளார்.

வகுப்புப் பாடங்கள் அவருக்குச் சலிப்பூட்டின. அதனை அறிந்த கணித ஆசிரியர் தனியே கடினமான கணக்குகளை அவருக்குக் கொடுத்தார். பெற்றோர் இதனை விரும்பவில்லை. மகளின் மென்மையான உடல் அச்சுமையைத் தாங்காது என அஞ்சினர். தம்மை வாட்டியது சுமையன்று, வெறுமையே என்பதை அவர்கள் உணரவில்லை என்பது அம்மையாரின் கருத்து.

பதினைந்து, பதினாறு வயது நிரம்பிய காலத்தில் ஒரு ஞாயிறு காலை, தாயுடனும் தங்கையுடனும் அவர் வீட்டில் இருந்தபோது தரை அசைந்தது. கூரையிலிருந்து தொங்கிய விளக்கு ஊசலாடிற்று. உள்ளே வந்த தந்தையார் அது நிலநடுக்கம் என்றார். நிலநடுக்கம் அரிதாகவே உணரப்படும் நாடு டென்மார்க்கு. அதன் பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து நிலநடுக்க ஆய்வில் புகும்வரை அம்மையார் நிலம் அசையக் கண்டதில்லை.

1907இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயிலத் தொடங்கினார். 1910இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்சின் நியூனம் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு மாணவியருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் அவருக்கு வியப்பளித்தன. கேம்பிரிட்சு அக்காலத்தில் பெண்களைப் பயில விட்டதேயன்றிப் பட்டம் வழங்கவில்லை. பட்டத்தில் சம உரிமை 1948இல்தான் கிடைத்தது. கடும் உழைப்பினால் உடல் தளர்ந்து 1911இன் இறுதியில் அம்மையார் நாடு திரும்பினார். படிப்பு தடைப்பட்டது.

அடுத்த சில ஆண்டுகளைக் காப்பீட்டுக் கணிப்பாளர் அலுவலகத்தில் எண்களோடு கழித்தார். வீணான ஆண்டுகள் என்று அவற்றை ஒதுக்கிவிட இயலாது. பிழையின்றிக் கணக்கிடும் பழக்கமும், சிதறிக் கிடக்கும் செய்திகளிலிருந்து ஒழுங்கைக் கண்டெடுக்கும் திறனும் அங்கேதான் உரம்பெற்றன. 1918இல் மீண்டும் பல்கலைக்கழகம் புகுந்து, 1920இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

நிலநடுக்கவியலை நாடி

1925ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்புமுனை. நில அளவைத் துறையின் தலைவர் நோர்லுண்ட் என்னும் கணித அறிஞர் தமக்கு உதவியாளராக அம்மையாரை அமர்த்திக்கொண்டார். கோபன்ஹேகனிலும், டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட கிரீன்லாந்திலும் நிலநடுக்கப் பதிவு நிலையங்களை நிறுவும் பணி தொடங்கிற்று. அப்பணியில் அம்மையாரோடு இணைந்த இளைஞர் எவரும் அதற்கு முன் நிலநடுக்கமானியைக் கண்ணால் கண்டதில்லை. ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. நூல்களைத் தேடி எடுத்துத் தாமே கற்றார்.

நூல் கற்பித்தது போதாது எனத் தோன்றவே, ஆசிரியரைத் தேடிப் புறப்பட்டார். 1927இல் மூன்று திங்கள் செருமனி, பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் நிலநடுக்க நிலையங்களைச் சுற்றி வந்தார். அவற்றுள் ஒரு திங்களை டார்ம்ஸ்டாட் நகரில் பெனோ குட்டன்பெர்க் என்னும் அறிஞரிடம் கழித்தார். புவியின் கருவம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது என்று முதல் உலகப்போருக்கு முன்னரே கணித்தவர் குட்டன்பெர்க். அவர் அருகிருந்து பதிவுகளைப் படிக்கக் கற்றது தமக்குப் பேருதவியாயிற்று என அம்மையார் என்றும் நன்றியோடு நினைத்தார். விருந்தினராய்ச் சென்று கேட்டறிவதன் பயனை அவர் முதன்முதலாகச் சுவைத்தது அப்பயணத்திலேதான். தாமே பிற்காலத்தில் விருந்தினராய்ச் சென்று பிறர்க்குப் பயன்படுவோம் என அன்று அவர் எண்ணியிருக்க இடமில்லை.

1928இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே நில அளவை நிறுவனத்தின் நிலநடுக்கப் பிரிவிற்குத் தலைவரானார். தலைவர் என்ற சொல்லைக் கேட்டுப் பெரும் அலுவலகத்தைக் கற்பனை செய்தல் வேண்டா. கருவிகளைப் பேணல், பதிவுகளைப் படித்தல், அறிக்கைகளை அச்சிடல், உலக நிலையங்களோடு கடிதத் தொடர்பு கொள்ளல் யாவும் பெரும்பாலும் அவர் ஒருவர் கையிலேயே இருந்தன. கிரீன்லாந்தின் இவிக்டுட், ஸ்கோர்ஸ்பிசுண்ட் ஆகிய தொலைவான நிலையங்களும் அவர் பொறுப்பில் அடங்கின. ஆராய்ச்சி அவருடைய அலுவற் கடமை அன்று. செய்வதற்குத் தடையும் இல்லை. அந்தத் தடையில்லாமை ஒன்றையே அவர் வாய்ப்பாக்கிக் கொண்டார்.

நிழலில் விழுந்த அலை

அம்மையாரின் கண்டுபிடிப்பை உணர, நிலநடுக்கவியலின் சில அடிப்படைகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். நிலநடுக்கம் நேரும்போது அலைகள் நாற்புறமும் புவியின் ஊடே பரவுகின்றன. முதலில் வந்து சேர்வது முதன்மை அலை. அது திண்மம், நீர்மம் இரண்டிலும் செல்லும். அடுத்து வருவது துணை அலை; அது நீர்மத்தின் ஊடே செல்லமாட்டாது. இவ்வலைகளைப் பதிவுகளில் தெளிவாக வேறுபிரித்துக் காட்டியவர் ஓல்டாம் என்னும் ஆங்கிலேயர். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றியவர் அவர். 1897ஆம் ஆண்டின் அசாம் பெருநிலநடுக்கம் பற்றிய ஆராய்ச்சியே அவருக்கு அவ்வழியைத் திறந்தது. 1906இல் புவிக்குக் கருவம் ஒன்று உண்டு என்பதற்கு அலைகளைக் கொண்டே அவர் சான்று காட்டினார்.

கருவம் நீர்ம நிலையில் உள்ளது என்பது 1920களில் ஏற்கப்பட்டது. கவசத்தின் ஊடே விரைந்து வரும் முதன்மை அலை, கருவத்தில் புகுந்ததும் வேகம் குறைந்து வளைகிறது. நீரில் புகுந்த ஒளிக்கதிர் வளைவது போன்றதே இது. அவ்வாறு வளைவதால் நிலநடுக்கம் நேர்ந்த இடத்திலிருந்து புவியின் பரப்பில் ஏறத்தாழ 104 பாகை முதல் 140 பாகைக்குச் சற்று மேல்வரையுள்ள வலயத்திற்கு நேரடி அலை வந்து சேர இயலாது. அதனை நிழல் வலயம் என்றனர். நிழலில் ஒளி இருத்தல் ஆகாது; நிழல் வலயத்தில் அலை இருத்தல் ஆகாது. ஆயினும் மெலிந்த அலைகள் சில அங்கே பதிவாயின. கருவத்தின் விளிம்பில் பட்டுச் சிதறி வந்த எச்சங்கள் அவை என்று அறிஞர்கள் அமைதி கூறினர்.

1929ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள் நியூசிலாந்தின் தென்தீவில் மர்ச்சிசன் என்னும் ஊரின் அருகே பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. ஐரோப்பாவிற்கு ஏறத்தாழ நேர் எதிர்ப்புறத்தில் உள்ளது நியூசிலாந்து. எனவே அந்த அதிர்ச்சியின் அலைகள் புவியின் ஆழ்பகுதிகளைக் கடந்தே ஐரோப்பிய நிலையங்களை வந்தடைந்தன. அம்மையார் பல நாட்டுப் பதிவுகளையும் திரட்டினார். உருசியாவின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க், இர்குட்ஸ்க் ஆகிய நிலையங்களின் பதிவுகள் அவர் கருத்தை ஈர்த்தன. வாராதிருக்க வேண்டிய அலைகள் அங்கே வந்திருந்தன. விளிம்பில் சிதறிய எச்சம் என்று ஒதுக்க முடியாத தெளிவோடும் வலிவோடும் வந்திருந்தன.

பிறர் கண்ட அதே பதிவுகளைத்தான் அவரும் கண்டார். பிறர் இரைச்சல் என ஒதுக்கியதை அவர் செய்தி எனக் கொண்டார் என்பதே வேறுபாடு. அவர் கையாண்ட முறையும் எளியது. புவியைக் கவசம், கருவம் என இரண்டாகப் பிரித்து, கவசத்தில் அலையின் வேகம் நொடிக்கு 10 கிலோமீட்டர், கருவத்தில் 8 கிலோமீட்டர் என எளிமையாக வைத்துக்கொண்டார். இவ்விரண்டினால் மட்டும் நிழலில் விழுந்த அலைகளை விளக்க இயலவில்லை. கருவத்தின் உள்ளே, அலை மீண்டும் விரைவு பெறும் சிறு உருண்டை ஒன்று இருப்பதாக வைத்துக் கணக்கிட்டார். அவ்வுருண்டையில் பட்டு மீளும் அலைகள் நிழல் வலயத்தில் விழும் என்பதும், பதிவான நேரங்களோடு அவை பொருந்தும் என்பதும் புலனாயின.

கணிப்பொறி தோன்றாத காலம் அது. உறவினர் ஒருவர் பிற்காலத்தில் விவரித்த காட்சி ஒன்று அவர் உழைத்த முறையைக் காட்டும். தோட்டத்துப் புல்வெளியில் பெரிய மேசை. மேசை நிறையக் கூலக்கஞ்சி மாவு விற்கும் அட்டைப்பெட்டிகள். பெட்டிகளுக்குள் நூற்றுக்கணக்கான அட்டைத் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு நிலநடுக்கமும் அது ஒவ்வொரு நிலையத்தை வந்தடைந்த நேரமும் எழுதப்பட்டிருந்தன. உலகின் நடுவை அம்மையார் தேடியது அந்தப் பெட்டிகளுக்குள்ளேதான்.

1936இல் அவர் கட்டுரை வெளிவந்தது. அதன் தலைப்பு, கருவத்தைக் கடந்து வரும் முதன்மை அலையைக் குறிக்கும் ஒற்றை எழுத்தும் அதன் தலையில் ஒரு சிறு கோடும் மட்டுமே. அறிவியல் வரலாற்றில் இதனினும் குறுகிய தலைப்பைக் காண்டல் அரிது. உட்கருவம் இருக்கக்கூடும் என்றுதான் அதில் கூறினார். உறுதியாக நிறுவிவிட்டதாக முழங்கவில்லை. குட்டன்பெர்க் முதலியோர் சில ஆண்டுகளிலேயே இக்கருத்தை ஏற்றனர். உட்கருவம் திண்மமாக இருக்க வேண்டும் என்னும் கருத்து அதன் பின்னர் எழுந்தது. 1970களின் தொடக்கத்தில் புவி முழுவதும் மணிபோல் அதிரும் அதிர்வுகளை ஆராய்ந்தபோது அதற்கு வலுவான சான்று கிட்டியது. உட்கருவத்தின் ஆரம் ஏறத்தாழ 1,220 கிலோமீட்டர் என இன்று கணக்கிடப்படுகிறது. வெளிக்கருவத்தின் உருகிய இரும்பு சிறிது சிறிதாக உறைந்து இவ்வுட்கருவத்தில் படிவதும், அதனால் எழும் ஓட்டங்களும் புவியின் காந்தப்புலத்தை நிலைநிறுத்தும் ஆற்றல்களுள் முதன்மையானவை என்பதும் இன்றைய அறிவு.

மறுக்கப்பட்ட இருக்கை

இத்தகைய கண்டுபிடிப்பிற்குப் பின்னரும் அம்மையாரின் அலுவல் நிலை மாறவில்லை. 1936இல் டென்மார்க்குப் புவி இயற்பியல் கழகம் தோன்றக் காரணமானவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் அதன் தலைமையையும் ஏற்றார். 1940 முதல் 1945 வரை நாடு செருமானியரின் பிடியில் இருந்தபோது உலக நிலையங்களிலிருந்து வரவேண்டிய பதிவுகள் தடைப்பட்டன. அயல்நாட்டுப் பதிவுகளையே உயிர்மூச்சாகக் கொண்ட ஆய்வாளருக்கு அவ்வாண்டுகள் செவி அடைத்த ஆண்டுகள். போர் ஓய்ந்தபின் ஐரோப்பிய நிலநடுக்கவியலார் மீண்டும் ஒன்றுகூடியபோது, 1950இல் தங்கள் அமைப்பின் முதல் தலைவராக அவரையே தேர்ந்தனர்.

1952இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் புவி இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு அவர் பெயர் ஆராயப்பட்டது. அம்மையார் அமர்த்தப்படவில்லை. உலகம் முழுதும் அவருடைய கண்டுபிடிப்பைப் பாடமாக நடத்திய காலத்தில், அவர் பயின்ற பல்கலைக்கழகத்தில் அப்பாடத்தை நடத்தும் இருக்கை அவருக்கு இல்லாதாயிற்று. தகுதி குறைந்த ஆடவர் பலரோடு வீணே போட்டியிட நேர்ந்ததை ஒருமுறை உறவினரிடம் மனம் கசந்து கூறினார் என்பர். பிறர் குறையைப் பேசிப் பொழுது போக்கும் இயல்பு அவருக்கு இருந்ததில்லை. ஆதலின் அந்த ஒரு சொல்லின் பின்னே எத்தனை ஆண்டுகளின் பொறுமை இருந்திருக்கும் என்பதை உணரலாம். நிலத்தைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது நம் மரபு. அந்நிலமும் ஒருநாள் அசையத்தான் செய்கிறது.

1953இல், அறுபத்தைந்தாம் வயதில், அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

விருந்தினராய் வந்த ஆசிரியர்

அலுவலர்க்கு ஓய்வு என்பது முடிவு. ஆய்வாளர்க்கு அது விடுதலை. அலுவலகப் பொறுப்புகள் நீங்கியதும் அம்மையார் முழுநேர ஆராய்ச்சியில் இறங்கினார். அவரை அழைத்தவர் அமெரிக்கப் புவி இயற்பியலாளர் மாரிஸ் யூவிங். நியூயார்க்கு நகருக்கு வடக்கே அட்சன் ஆற்றங்கரையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1949இல் அவர் தொடங்கிய லாமண்ட் ஆய்வகம் அப்போது இளமைத் துடிப்போடு வளர்ந்துகொண்டிருந்தது. கடலடித் தரையையும் புவியின் மேலோட்டையும் ஆராய்ந்த இளைஞர் கூட்டம் அங்கே நிறைந்திருந்தது. யூவிங்கும் ஃபிராங்க் பிரஸ் என்னும் இளம் அறிஞரும் மேலோட்டிலும் மேற்கவசத்திலும் பரவும் அலைகளை ஆராய்ந்தனர். அவர்களோடு அம்மையாரும் சேர்ந்துகொண்டார். இருபது ஆண்டு ஆழ்கருவத்தைத் தேடியவர், இப்போது அதனினும் மேலேயுள்ள அடுக்குகளை நோக்கித் திரும்பினார்.

ஒருமுறை சென்று மீண்டதோடு பயணம் நின்றுவிடவில்லை. லாமண்டு, கலிபோர்னியாவின் பாசடீனா, பெர்க்கிலி, கனடாவின் ஒட்டாவா எனப் பல ஆய்வுக்கூடங்கள் ஆண்டுகள் தோறும் அவரை விருந்தினராகப் பெற்றன. 1927இல் யாரிடம் மாணவியாகச் சென்றாரோ அந்தக் குட்டன்பெர்க், 1930இலேயே பாசடீனாவிற்குக் குடிபெயர்ந்திருந்தார். டார்ம்ஸ்டாட்டில் கேட்டறிந்தவர் இப்போது நிகராக அமர்ந்து உரையாடும் அறிஞராய் அவ்வாய்வுக்கூடத்தில் நுழைந்தார்.

விருந்தினராய் வரும் அறிஞர் ஒரு துறைக்கு எதனைக் கொணர்கிறார் என்பதை அம்மையாரின் வருகைகளே விளக்கும். அவர் புதுக் கருவிகளைக் கொணரவில்லை. பெருந்தொகை நிதியையும் கொணரவில்லை. பதிவுத்தாளைப் படிக்கும் கண்ணைக் கொணர்ந்தார். பிறர் அளந்து தந்த எண்களை அவர் எளிதில் ஏற்பதில்லை. மூலப்பதிவை வரவழைத்துத் தாமே படிப்பார். அலையின் தொடக்கம் எங்கே, பின்புல அசைவு எங்கே முடிகிறது என்பதைக் கூர்ந்து நோக்கிய பின்னரே நேரத்தைக் குறிப்பார். கணிப்பொறிகள் ஆய்வுக்கூடங்களில் நுழைந்த காலம் அது. எந்திரம் கணக்கிடும், எதனைக் கணக்கிட வேண்டும் என்பதை மனிதரின் கண்ணே தேர வேண்டும். கணிப்பொறி முற்றிலும் ஈடுசெய்ய முடியாத ஒரு கலையில் தேர்ந்தவர் அம்மையார் என்று பின்னாளில் அவரைப் போற்றிய அறிஞர் கூறியது இதனையே.

அக்காலத்தில் நிலநடுக்கவியலுக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு வந்தது. வல்லரசுகள் நிலத்தடியில் அணுகுண்டுச் சோதனை நடத்தின; அவற்றைத் தொலைவிலிருந்து கண்டறியும் தேவை எழுந்தது. நிலநடுக்கம் எங்கே, எந்த நொடியில் தொடங்கிற்று என்பதை ஆய்வாளர் கணித்தே அறிதல் வேண்டும். அதில் பிழை நேர இடமுண்டு. குண்டு வெடிப்பிலோ இடமும் நேரமும் துல்லியமாக முன்னரே தெரியும். 1958இல் நெவாடா பாலைநிலத்தில் நிகழ்ந்த லோகன், பிளாங்கா ஆகிய வெடிப்புகளின் அலைகளை அம்மையார் ஆராய்ந்து, மேற்கவசத்தில் அலைகளின் வேகத்தைக் கணித்தார். அழிவிற்கென உருவானதிலிருந்தும் அறிவிற்குரியதைப் பிரித்தெடுத்தார். இவ்வாய்வுகளின் பயனாக ஏறத்தாழ 220 கிலோமீட்டர் ஆழத்தில் அலைவேகம் திடீரெனக் கூடும் எல்லை ஒன்றை அவர் சுட்டினார். அவ்வெல்லை இன்று அவர் பெயராலேயே லேமன் எல்லை என வழங்குகிறது. எழுபது வயதை ஒட்டிய காலத்தில், பதவி எதுவும் இன்றி, விருந்தினர் மேசையில் அமர்ந்து அவர் ஆற்றிய பணி அது.

புகழும் முதுமையும்

சிறப்புகள் காலந்தாழ்ந்தே வந்தன. வந்தபோது வரிசையாய் வந்தன. 1964இல் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்பு முனைவர் பட்டம் வழங்கியது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் அதே சிறப்பைச் செய்தது 1968இல். அம்மையாருக்கு அப்போது எண்பது வயது. விருந்தோம்பிய பல்கலைக்கழகம் முந்திக்கொள்ள, பெற்றெடுத்த பல்கலைக்கழகம் நான்காண்டு பிந்திற்று. 1969இல் இலண்டன் இராயல் கழகம் அவரை அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தது. 1971இல் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் தன் உயர் விருதான வில்லியம் போவி பதக்கத்தை அவருக்கு அளித்தது. அதனைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. தோட்டம் பேணுதலும் மலையேறுதலும் ஓவியக் கூடங்களைக் கண்டு வருதலும் அவருக்கு உவப்பானவை. முதுமையில் கண்ணொளி மங்கிற்று, எழுத்தார்வம் மங்கவில்லை. 1987இல், நூறை நெருங்கும் வயதில், நிலநடுக்கவியலின் பழைய நாட்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. 1993ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், 104ஆம் வயதில், அவர் கோபன்ஹேகனில் காலமானார்.

அவர் மறைந்த பின்னர் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் கவசத்தையும் கருவத்தையும் பற்றிய ஆய்வுக்கென அவர் பெயரில் ஒரு பதக்கத்தை நிறுவி, 1997 முதல் வழங்கலாயிற்று. சிறுகோள் ஒன்றும் அவர் பெயரைத் தாங்கிச் சுற்றுகிறது. அவர் எழுப்பிய வினாவும் இன்னும் ஓயவில்லை. 2023இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், புவியின் விட்டத்தின் வழியே பலமுறை சென்று மீண்ட அலைகளை ஆராய்ந்து, உட்கருவத்தின் உள்ளேயும் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் ஆரமுடைய தனித்தன்மை வாய்ந்த பகுதி ஒன்று இருப்பதற்குச் சான்று காட்டினர். அவர்கள் செவிமடுத்ததும் மெலிந்து தேய்ந்த அலைகளையே.

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் முகப்பிலுள்ள சதுக்கத்தில், 2017ஆம் ஆண்டில், அம்மையாருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. உள்ளே இருக்கை மறுக்கப்பட்டவர் வாயிலில் நிலைத்த இடம் பெற்றார். அது நிறைவளிக்கும் செய்தியே. எனினும் அந்நிறைவில் ஒரு குறையும் கலந்துள்ளது. கல்லில் பொறித்த பெயர் மாணவருக்குப் பதிவு படிக்கக் கற்றுத்தராது. 1952இல் அவர் இருக்கை பெற்றிருப்பின் அத்துறையில் எத்தனை மாணவர் உருவாகியிருப்பர் என்பதற்கு எந்தச் சிலையும் விடை கூறாது. அந்த இழப்பு அம்மையாருக்கு நேர்ந்ததினும் அப்பல்கலைக்கழகத்திற்கு நேர்ந்ததே மிகுதி.

அறிவைப் போற்றும் அவைகள் யாவும் இவ்வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. இருக்கை உடையவரை அழைத்தல் எளிது. அவர் பதவியே அவரை அறிமுகம் செய்துவிடும். இருக்கை இல்லாதவரைத் தேடி அழைத்து, அவர் சொல்லைக் கேட்பதற்குத் தனிச்செவி வேண்டும். லாமண்டு ஆய்வகத்திற்கு அச்செவி இருந்தது. கவிஞர்க்கும் இஃது அயலான செய்தியன்று. எல்லாரும் கேட்கும் ஓசையைப் பாடுவோர் பலர். வாராது எனப் பலரும் முடிவுகட்டிய இடத்திற்கு வந்து சேரும் மெல்லிய அதிர்வைக் கேட்டு, அதன் பின்னே உள்ள பொருளை உணர்த்துவோர் சிலர். அச்சிலருள் ஒருவராய், அறிவியல் என்னும் மொழியில் நிலத்தின் உள்ளொலியை எழுதிச் சென்றவர் இங்கெ லேமன் அம்மையார்.